அடீனியமும் அரளியும் கொல்கத்தா மழையும்

ஏமனில் கண்ட ஒரு பூச்செடியை அரளி இனத்திலேயே சேர்த்து எழுதிவைத்தார், தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர் ஃபோர்ஸ்கோல். 1763இல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். குறிப்புகள் 1775இல்தான் நூலாக வந்தன. 1819இல் தனி இனமாகப் பிரிக்கப்பட்ட அந்தச் செடிதான் இன்று கொல்கத்தா மொட்டைமாடிகளில் தொட்டி தொட்டியாக நிற்கும் அடீனியம்.

ஃபோர்ஸ்கோலைக் குறை சொல்ல முடியாது. ஐந்து இதழ், இளஞ்சிவப்பு நிறம், சாற்றில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு என்று இரண்டும் பங்காளிகள்தான். வேறுபாடு இடுப்புக்குக் கீழே. அடீனியம் பாறை இடுக்கில் வேர்விட்டு, எப்போதோ பெய்கிற மழையைப் பானை வயிறு போன்ற அடித்தண்டில் அடைத்துக்கொள்ளும். வறண்டால் இலையுதிர்த்துக் காத்திருக்கும். அரளிக்குச் சேமிப்பு கிடையாது. வறண்ட காட்டாற்றுப் படுகையில் வளரும் செடி அது. தலையில் வெயில் கொளுத்தினாலும் வேர் அடியிலிருக்கும் ஈரத்தைப் பிடித்திருக்கும். இலையின் அடிப்புறத்தில் மயிரடர்ந்த குழிகளுக்குள் மூச்சுத்துளைகளை ஒளித்து, குடித்த நீரை விடாமல் காக்கும். நம் நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் லாரிப் புகைக்கிடையே அது பூப்பதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

கொல்கத்தாவில் ஆண்டுக்கு 1,600 மி.மீ.க்கு மேல் மழை; பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள். நீர் தேங்காத வேலியோரமாகப் பார்த்து அரளியை நட்டுவிட்டு மறந்துவிடலாம். தாகூர் தம் ‘ரக்தகரபி’ நாடகத்தில் நாயகி நந்தினிக்குச் சூட்டியது இந்தச் செவ்வரளியைத்தான்.

அடீனியத்துக்கு அதே மழைதான் ஆபத்து. ஈரம் நின்றால் பருத்த தண்டு அழுகும். வெளியே தெரிவதற்குள் உள்ளே கூழாகியிருக்கும். அதனால் உடைத்த செங்கல், பெருமணல் என்று கலந்து, மண்ணைப் பேருக்குச் சேர்க்கிறார்கள். ஆடி ஆவணியில் பாலித்தீன் கூரை, குளிர்காலத்தில் தண்ணீர்க் குறைப்பு. பாலைவனத்துச் செடிக்குக் குடை பிடிக்க வேண்டியிருக்கிறது! இத்தனைக்கும் அதன் பூவில் மணம் இல்லை. நம் நாட்டு அரளி அதைச் சும்மாவே தருகிறது.

அடீனியத்தை அரளியின் மேல் ஒட்டுக்கட்டுவதும் உண்டு. நெருங்கிய உறவு என்பதால் ஒட்டிக்கொள்ளும், ஈரத்தையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அடி பருக்காது. கீழே இருப்பது அரளித்தண்டுதானே. வயிறில்லாத அடீனியத்தைத் தொட்டியில் வைப்பதைவிட, செவ்வரளியையே தரையில் நட்டுவிடலாம் என்பது என் கட்சி.