மலைவாழ் சிறு சமூகங்களில் வைரஸ் கல்லீரல் அழற்சி

மலைகளிலும் தீவுகளிலும் ஒதுங்கி வாழும் சிறு சமூகங்களில் கல்லீரல் அழற்சி வைரஸ்கள் எந்த அளவு பரவியுள்ளன என்பதை நாட்டின் பொதுச் சராசரியைக் கொண்டு சொல்லிவிட முடியாது. இந்தியாவில் ஹெபடைடிஸ் பி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான கணக்கெடுப்பின்படி, வைரஸின் மேற்பரப்புப் புரதம் இரத்தத்தில் காணப்பட்டோர் பழங்குடியினர் அல்லாதோரில் 2.4 விழுக்காடு, பழங்குடியினரில் 15.9 விழுக்காடு. எட்டு விழுக்காட்டை எட்டினாலே மிகைப்பரவல் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு.

அருணாசலப் பிரதேசத்தின் இடு மிஷ்மி மக்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இத்தொற்று இருந்தது. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் போர்ட் பிளேர் மண்டல மருத்துவ ஆய்வு மையம் கண்டவை இன்னும் கடுமையானவை: நிக்கோபாரியரில் 23.3 விழுக்காடு, ஷோம்பென் மக்களில் 37.8 விழுக்காடு. 1997இன் இறுதியில்தான் காட்டைவிட்டு வெளியே வந்து பிறரோடு பழகத் தொடங்கிய ஜாரவா மக்களில் ஏறத்தாழ மூன்றில் இருவரிடம் இந்த வைரஸ் இருந்தது. சில நூறு பேரே உள்ள ஓர் இனத்தில் இது வெறும் புள்ளிவிவரம் அல்ல, அந்த இனம் நிலைப்பதைப் பற்றிய கேள்வி.

இத்தகைய மிகைப்பரவலுக்குப் பழக்கவழக்கங்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் முக்கியக் காரணம் தொற்று வரும் வயதில் இருக்கிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடலே வைரஸை வென்றுவிடும். பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து வந்தாலோ பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது வாழ்நாள் முழுதும் தங்கும். ஐந்து வயதுக்குள் உடன்பிறந்தோரிடமிருந்து சிறு காயங்கள் வழியாக வந்தாலும் நாள்பட்டுப்போகும் வாய்ப்பு கணிசமானது. மக்கள்தொகை சிறியது, மண உறவுகள் உள்ளுக்குள்ளேயே அமைகின்றன என்றால், ஒருமுறை நுழைந்த வைரஸுக்கு வெளியிலிருந்து மீண்டும் வரவேண்டிய தேவையே இல்லை. குழந்தைப் பருவத் தொற்றில் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தோன்றுவதும் இல்லை. நாற்பது வயதில் வயிறு வீங்கி, கல்லீரல் சுருங்கி அல்லது புற்றுநோய் கண்டு ஒருவர் இறக்கும்போதுதான் அது தெரியவருகிறது.

குடிநீர் வழியே பரவும் ஏ, இ வகைகளின் போக்கு வேறு. அவை பொதுவாக நாள்பட்டுத் தங்குவதில்லை, கூட்டமாகத் தாக்கிவிட்டு ஓய்கின்றன. 1978இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் கிராமங்களில் ஏறத்தாழ 52,000 பேருக்குக் காமாலை கண்டது. 1,700 பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. கர்ப்பிணிகளுக்கு நோய் மிகக் கொடியதாக இருந்தது. மருத்துவர் முகம்மது சுல்தான் குரூ இதை ஆராய்ந்து, ஏ வகையும் அல்ல, பி வகையும் அல்ல, வேறொரு வைரஸ் என்று நிறுவினார். ஹெபடைடிஸ் இ என்று பின்னாளில் பெயர் பெற்றது அதுவே.

பி வகையின் வரலாறும் இத்தகைய சமூகங்களிலிருந்தே தொடங்குகிறது. 1960களில் ஆய்வாளர் பரூக் பிளம்பர்க் இவ்வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை முதலில் கண்டது ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் இரத்தத்தில். 1976இல் நோபல் பரிசு பெற்ற அவர், பின்னர் சென்னையில் எஸ். பி. தியாகராஜனோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார். மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸ் புரதம் மறைந்ததாக 1988இல் 'லான்செட்' இதழில் அவர்கள் எழுதினர். தமிழ்நாடே பெருமைப்பட்ட செய்தி அது. ஆனால் பிற இடங்களில் நடந்த சோதனைகள் அந்த விளைவை உறுதிசெய்யவில்லை. கீழாநெல்லியை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது இன்றும் உயிர்களைப் பறிக்கிறது. காமாலைக்குச் சூடு போடுவதும் அப்படியே.

தடுப்பூசியால் நிலைமையை மாற்ற முடியும் என்பதற்கு அலாஸ்காவின் பூர்வகுடிகள் சான்று. 1980களில் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்துக்குப் பின் அங்கே சிறாரிடம் இவ்வைரஸால் வரும் கல்லீரல் புற்றுநோய் மறைந்தது. இந்தியாவில் 2002இல் முன்னோட்டமாகத் தொடங்கிய தடுப்பூசி, பின்னர் ஆந்திரமும் தமிழ்நாடும் உள்ளிட்ட பத்து மாநிலங்களுக்கும், 2011இல் நாடு முழுமைக்கும் விரிந்தது. இதனால் ஆந்திரத்தின் சூளூர்பேட்டை வட்டாரத்து யானாதிப் பழங்குடிக் குழந்தைகளும் நீலகிரி இருளர் குழந்தைகளும் நாட்டின் பல பகுதிகளுக்கு முன்பே திட்டத்துக்குள் வந்தனர். 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் இலவசப் பரிசோதனையையும் மருந்தையும் வழங்குகிறது.

ஆனால் முதல் ஊசி பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். சாலை எட்டாத ஊரில் வீட்டிலேயே பிரசவம் நடக்கும்போது தவறிப்போவது அந்த ஊசிதான். இத்தடுப்பு மருந்து வெப்பத்தை ஓரளவு தாங்கும், உறைந்தால்தான் வீணாகும். ஆகவே கிராமச் செவிலியர் அதைப் பிரசவம் நடக்கும் குடிசைக்கே எடுத்துச்செல்ல முடியும். அதற்கான ஏற்பாட்டையும், கர்ப்பிணிகள் அனைவருக்குமான இரத்தப் பரிசோதனையையும் மலையூர்த் துணை சுகாதார நிலையங்கள் வரை கொண்டுசேர்ப்பதே இப்போது அவசரமான பணி.