நெல்லையிலிருந்து கயாக்: ஆறா, கடலா?

நண்பர்கள் நாலைந்து பேர் கயாக் படகுகளில் ஏறி, நாள்கணக்கில் துடுப்புப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசை திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர்களையும் பிடித்திருக்கிறது. அவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, வீட்டுக்குப் பின்னால் ஓடும் தாமிரபரணி. மற்றது, அது புன்னைக்காயலில் போய்ச் சேரும் மன்னார் வளைகுடாவும் அதன் 21 தீவுகளும்.

வரைபடத்தில் பார்த்தால் கடல்தான் ஜெயிக்கும். ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஆறோ, பொதிகையிலிருந்து கடல் வரை சுமார் 128 கிலோமீட்டர்தான். அதிலும் மலைப்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் அங்கே படகு பற்றிப் பேச்சே இல்லை. பாபநாசத்துக்குக் கீழே இறங்கினாலோ எட்டு அணைக்கட்டுகள் காத்திருக்கின்றன. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை ஒவ்வொன்றிலும் படகைத் தலையில் தூக்கிக்கொண்டுதான் அடுத்த பக்கம் போக வேண்டும். தண்ணீர் வழியும் சாய்தளத்தில் பாசி படிந்திருக்கும். இரண்டு பேர் பிடிக்கும் படகில் ஒருவர் கால் வழுக்கினால் இருவரும் உட்கார வேண்டியதுதான். துடுப்பில் சுற்றிக்கொள்ளும் அமலைச்செடி தனித் தொல்லை. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே, மழைக்காலம் தவிர, படகு மிதக்கத் தண்ணீரே இருக்காது.

இவ்வளவு குறை இருந்தும் ஆற்றிடம் கடலில் இல்லாத ஒன்று இருக்கிறது: ராத்திரி தங்க இடம். கரை நெடுக ஊர், படித்துறை, கல்மண்டபம், டீக்கடை. திருப்புடைமருதூரில் கரையேறினால் கோயில் மருத மரங்களில் கொக்கும் நாரையும் அடையும் சத்தத்தைக் கேட்கலாம். 2005-ல் அந்த இடம் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. குடிதண்ணீரைச் சுமக்க வேண்டாம். அரிசி தீர்ந்தால் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

தீவுகளில் நிலைமை நேர் எதிர். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தத் தீவுகளில் வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்கக்கூடாது. கூடாரம் அடிப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. குருசடைத் தீவு மாதிரி ஓரிடத்துக்கு வனத்துறையே படகில் கூட்டிப்போய்க் காட்டித் திரும்பும்; அவ்வளவுதான்.

“அமெரிக்காவில் விடுகிறார்களே!” என்பார்கள். உண்மைதான். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் அலையாத்தித் தீவுகளுக்கு நடுவே சுமார் 160 கிலோமீட்டர் படகுப் பாதை போகிறது. சீட்டு வாங்கிக்கொண்டு, தண்ணீருக்கு மேல் கால் ஊன்றிக் கட்டிய மரப்பரண்களில் ராத்தங்கலாம். குடிதண்ணீர் மொத்தத்தையும் படகிலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும். கரையில் தங்கினால் ரக்கூன்கள் பிளாஸ்டிக் கேனைக் கடித்துக் குடித்துவிடும். ஆனால் அது ஆறாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பூங்கா. நம் காரியச்சல்லித் தீவு 1969-ல் சுமார் 21 ஹெக்டேர். இப்போது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் ஏற்கெனவே முழுகிப் போயின. சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்ததால், அலையைத் தடுக்க அரண் இல்லாமல் போய் மணல் கரைந்தது. வான் தீவைக் காப்பாற்ற அதன் முன்னால் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மண்ணில் கூடாரக் குச்சி ஊன்ற விடச் சொல்வது நியாயமில்லை. எவர்கிளேட்ஸை உதாரணம் காட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் காட்ட வேண்டும்.

காற்றும் கடலுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. கச்சான் என்னும் மேல்காற்று கிளம்பிவிட்டால் மீனவர்களே யோசித்துத்தான் கடலில் இறங்குவார்கள். வடகிழக்குப் பருவத்தில் புயல் சின்னம் வேறு. ஆற்றில் வெள்ளம் ஒன்றுக்குத்தான் பயப்பட வேண்டும். ஆனால் அது லேசுப்பட்டதல்ல. 2023 டிசம்பரில் இந்த ஆறு என்ன செய்தது என்று நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே என் ஓட்டு ஆற்றுக்கே. வெள்ளம் வடிந்து, வயலுக்கு இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் ஜனவரி, பிப்ரவரியில், பாபநாசம் அணையில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு, கல்லிடைக்குறிச்சிக்குக் கீழே இறங்குங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். நகரத்துச் சாக்கடை கலக்கும் இடம் வருமுன், சுத்தமல்லியோடு கரையேறிவிடுங்கள்.