ஆறேகால் சென்ட் உரிமை

நம்மூர்ல 'அலாட்மெண்ட்'னா ஹவுசிங் போர்டு வீடுதான் ஞாபகத்துக்கு வரும். இங்கிலாந்துல அதே வார்த்தைக்கு காய்கறித் தோட்டம்னு அர்த்தம்! உள்ளூர்க்காரங்களுக்கு கவுன்சில் குறைஞ்ச வாடகைக்குக் கொடுக்கற துண்டு நிலம். பாக்கறதுக்கு ரிட்டயர்ட் ஆளுங்க பொழுதுபோக்கு மாதிரி இருக்கும். ஆனா பின்னாடி இருக்கறது பறிபோன நிலத்தோட கதை.

ஒரு காலத்துல அங்க கிராமத்து ஏழைங்க பொது நிலத்துல மாடு மேய்ச்சாங்க, சுள்ளி பொறுக்கினாங்க. 1604லேர்ந்து 1914க்குள்ள பாராளுமன்றம் 5,200க்கும் மேல சட்டம் போட்டு, சுமார் 68 லட்சம் ஏக்கர் பொது நிலத்தையும் திறந்த வயல்களையும் வேலிக்குள்ள கொண்டு போயிருச்சு. எல்லாமே சட்டப்படிதான் :-(

1845ல வந்த சட்டம், வேலி போடும்போது ஏழைகளுக்கும் ஆளுக்கு கால் ஏக்கருக்கு மிகாம தோட்டம் ஒதுக்கலாம்னுச்சு. கிடைச்சது என்னவோ சொற்பம்தான். பண்ணைக்காரங்களுக்கு வேற பயம்: சொந்தத் தோட்டத்துல உழைச்சுக் களைச்சவன் நம்ம வயல்ல எப்படி வேலை பாப்பான்?

நிலைமையை மாத்தினது 1908ம் வருஷச் சட்டம். உள்ளூர் வாக்காளர்களோ வரி கட்டறவங்களோ ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தா கவுன்சில் பரிசீலிச்சே ஆகணும். தேவை இருக்குன்னு தெரிஞ்சா இடம் கொடுத்தே ஆகணும். தர்மம் உரிமையா மாறினது இங்கதான். 1925ல இன்னொரு பூட்டு: தோட்டத்துக்குன்னே வாங்கின நிலத்தை அமைச்சர் சம்மதம் இல்லாம விக்க முடியாது.

வழக்கமான அளவு 10 ராட். ஏக்கருக்கு 160 ராட். கணக்குப் போட்டுப் பாத்தேன், ஆறேகால் சென்ட் வருது. நம்ம ஒரு கிரவுண்டை விட கொஞ்சம் பெருசு. அதுல ஒரு குடும்பத்துக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம், கோஸ் எல்லாம் தேறும். வியாபாரத்துக்கு இல்லைன்னா கோழியும் முயலும் வளர்க்கலாம்னு 1950ல சட்டமே போட்டாங்க :-)

இதோட அருமை யுத்தத்துலதான் தெரிஞ்சுது. கப்பல்ல சாப்பாடு வர்றது குறைஞ்சதும் அரசாங்கமே "தோண்டுங்க"ன்னு பிரச்சாரம் பண்ணுச்சு. இரண்டாம் உலகப் போர்ல அலாட்மெண்ட் எண்ணிக்கை சுமார் 14 லட்சத்தைத் தொட்டுச்சு. லண்டன் டவர் கோட்டை அகழியில கூட காய்கறி!

1954ல ரேஷன் முடிஞ்சுது, சூப்பர் மார்க்கெட் பெருகுச்சு, தோட்டம் சுருங்குச்சு. தற்காலிகமா கொடுத்த இடங்களுக்கு 1925 சட்டப் பாதுகாப்பு கிடையாது. அதைக் கேக்கவும் நாதி இல்ல. பாதுகாப்பு இருந்த இடத்துல கட்டடம் கட்டணும்னா அமைச்சர் வரைக்கும் போயாகணும். இன்னைக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல லட்சம் பேருக்கு மேல நிக்கறாங்க. உடம்புக்கு வேலை, வீட்டுக்குக் காய், பேச்சுத் துணைக்கு பக்கத்துப் பாத்திக்காரர்னு பலன் நிறைய.

எனக்குப் பட்டது இதுதான் மக்களே. ஊர்த் தோட்டம் நிலைக்க நல்ல மண்ணும் உரமும் மட்டும் போதாது. "இந்த இடம் உங்களுக்கு"ன்னு சட்டத்துல ஒரு வரி இருக்கணும். நிலத்தைப் பிடுங்கினதும் சட்டம்தான். ஆறேகால் சென்ட்டைத் திருப்பி வாங்கிக் கொடுத்ததும் சட்டம்தான்.