குவாட்டர்பேக்கை விரட்டியவர்களின் கணக்கு

2009 டிசம்பர் 5. டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ‘பிக் 12’ கூட்டமைப்புக்கான இறுதி ஆட்டம். நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் தடுப்பு வரிசை நடுவில் நின்றவர் என்டாமுகோங் சூ. டெக்ஸாஸ் அணியின் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் கோல்ட் மெக்காய் பந்தை எறியக் கை ஓங்கும் முன்பே அவர் மேல் பாய்ந்து, பிடித்துச் சுழற்றித் தரையில் எறிந்துகொண்டிருந்தார் சூ. ஆட்டம் முடிந்தபோது அவர் பெயரில் நாலரை ‘சாக்’ பதிவாகியிருந்தது. பந்தை எறியும் முன் குவாட்டர்பேக்கை வீழ்த்துவதுதான் சாக்; இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி என்பது கணக்கு.

அன்று வென்றது டெக்ஸாஸ்தான். மீதமிருந்த ஒரே ஒரு நொடியில் ஹன்டர் லாரன்ஸ் 46 யார்டு தொலைவிலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தார், 13க்கு 12. நெப்ராஸ்காவின் 12 புள்ளிகளும் உதையில் வந்தவை, பந்தோடு கோல் கோட்டைக் கடக்கும் டச்டவுன் ஒன்றுகூடக் கிடையாது. தன் பக்கத் தாக்குதல் அணி திணறினாலும் ஒரு தடுப்பாட்டக்காரரால் ஆட்டத்தைக் கடைசி நொடி வரை இழுத்து வர முடியும் என்று நாடே பார்த்தது. ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு வழங்கப்படும், தடுப்பாட்டக்காரர்களுக்கு அரிதாகவே கிடைக்கும் ஹைஸ்மன் விருதுக்கான வாக்கெடுப்பில் சூ நான்காம் இடம் பெற்றார்.

குவாட்டர்பேக்கை இப்படி விரட்டுவதற்குப் ‘பாஸ் ரஷ்’ என்று பெயர். அது பிறக்க முதலில் ‘பாஸ்’ பிறக்க வேண்டியிருந்தது. ஆரம்ப காலத்தில் பந்தை முன்னோக்கி எறிய அனுமதியே இல்லை. ஆட்கள் திரளாக முட்டி மோதித்தான் முன்னேற வேண்டும். 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் குறைந்தது 18 பேர் இறந்தார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டு விதிகள் திருத்தப்பட்டு, முன்னோக்கி எறிவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. 1906 செப்டம்பரில் விஸ்கான்சினில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் எறிந்ததுதான் முதல் சட்டபூர்வ பாஸ். ஆனால் அன்றைய விதி கடுமையானது. எறிந்த பந்து யார் கையிலும் படாமல் தரையில் விழுந்தால் எதிரணிக்கே போய்விடும். அதனால் பயிற்சியாளர்கள் எறியத் தயங்கினார்கள். எறிவதே அபூர்வம் என்றால், எறிபவரை விரட்டுவதற்குத் தனித் திறமை எதற்கு?

1913 நவம்பரில் நோட்டர்டேம் பல்கலைக்கழகம் ராணுவக் கல்லூரியை 35க்கு 13 என்று வீழ்த்தியபோது தயக்கம் உடையத் தொடங்கியது. அன்று எறிந்தவர் கஸ் டோரே. பிடித்தவர்களில் ஒருவர் நூட் ராக்னி. எறிதல் பெருகப் பெருக, எறிபவருக்குக் கிடைக்கும் நேரம்தான் ஆட்டத்தின் உயிர்நாடி ஆனது.

அந்த நேரத்தைப் பறித்தவர்களின் பெயர்கள் மட்டும் பல பதிற்றாண்டுகள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. டீக்கன் ஜோன்ஸ் அவர்களில் முதன்மையானவர். ஃபுளோரிடாவின் ஈட்டன்வில்லில் பிறந்த கறுப்பின இளைஞர். சவுத் கரோலைனா ஸ்டேட் கல்லூரியில் படித்தபோது குடிமை உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டார் என்பதற்காக உதவித்தொகை பறிக்கப்பட்டு, மிசிசிப்பியில் இன்னொரு கறுப்பினக் கல்லூரிக்குப் போனார். 1961இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி அவரைப் புதிய ஆட்டக்காரர்களுக்கான தேர்வின் பதினான்காவது சுற்றில்தான் எடுத்தது. குவாட்டர்பேக்கை வீழ்த்துவதற்கு ‘சாக்’ என்ற பெயரைப் பரப்பியவரே அவர்தான். ஆனால் தொழில்முறைக் கூட்டமைப்பான என்.எஃப்.எல். சாக்குகளை அதிகாரப்பூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல். ஜோன்ஸ் ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

கல்லூரிகள் இன்னும் தாமதம். என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தனிநபர் தடுப்பாட்டப் புள்ளிவிவரங்களை 2000ஆம் ஆண்டில்தான் முறையாகத் தொகுக்க ஆரம்பித்தது. அதனால் ஒரே பருவத்தில் அதிக சாக் எடுத்த சாதனை 2002இல் அரிசோனா ஸ்டேட்டின் டெரல் சக்ஸ் எடுத்த 24 என்று இருக்கிறது. ஆனால் 1988இல் அலபாமாவின் டெரிக் தாமஸ் 27 எடுத்தார் என்கிறது அந்தப் பல்கலைக்கழகத்தின் ஏடு. கல்லூரிக் காலம் முழுவதும் அவர் எடுத்தவை 52. அதிகாரப்பூர்வப் பட்டியலிலோ லூசியானா டெக்கின் ஜெய்லன் ஃபெர்குசன் 45 எடுத்து முதலிடத்தில் நிற்கிறார். சக்ஸும் ஃபெர்குசனும் உழைத்துப் பெற்ற பெருமையில் குறை ஒன்றுமில்லை. குறை ஏட்டில் இருக்கிறது.

கல்லூரிக் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் அணியின் தடுப்பாட்டத்தை எடைபோட உட்காருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுவே. என்.எஃப்.எல்லில் சாக் மூலம் எதிரணி இழக்கும் யார்டுகள் எறிதல் கணக்கில் கழிக்கப்படும். கல்லூரி ஆட்டத்தில் அவை ஓட்டக் கணக்கில் கழிக்கப்படுகின்றன. எதிரணி உண்மையில் 150 யார்டு ஓடியிருக்கலாம். சாக்குகளில் 50 இழந்திருந்தால் ஏட்டில் 100 என்றுதான் பதிவாகும். எனவே ‘ஓட்டத்தைத் தடுப்பதில் சிறந்த அணி’ என்று பட்டியலில் தெரிவது, நல்ல பாஸ் ரஷ் உள்ள அணியாக மட்டுமே இருக்கலாம். சாக் யார்டுகளைத் திரும்பக் கூட்டிப் பார்க்காத மதிப்பீடு அரைகுறை மதிப்பீடு.

சாக் எண்ணிக்கையும் முழு உண்மையைச் சொல்லாது. 1987 ஜனவரி 2 அன்று ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில் மயாமியின் தாக்குதல் 445 யார்டு எடுத்தது. பென் ஸ்டேட் எடுத்தது 162. மயாமியின் குவாட்டர்பேக் வின்னி டெஸ்டவர்டி அந்தப் பருவத்தின் ஹைஸ்மன் விருதாளர். அவரை ஆள் குவித்து விரட்டவில்லை பென் ஸ்டேட். பல முறை மூவரை மட்டும் முன்னால் அனுப்பி, எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்திப் பந்து பறக்கும் வழிகளை அடைத்தது. டெஸ்டவர்டி எறிந்த ஐந்து பந்துகள் எதிரணியின் கைகளில் போய் விழுந்தன. ஐந்தாவது, கோல் கோட்டருகே, ஆட்டத்தின் கடைசி நொடிகளில். பென் ஸ்டேட் 14க்கு 10 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. பின்வரிசை தரும் ஓரிரு நொடிகள் இல்லாவிட்டால் முன்வரிசையின் விரட்டல் வீண். முன்வரிசை நெருக்காவிட்டால் பின்வரிசை தாங்காது. இரண்டையும் பிரித்து மதிப்பெண் போடுவது தவறு.

சாக் எண்ணிக்கை மட்டும் போதாது என்பது டெரிக் தாமஸ் விஷயத்திலும் தெரிந்தது. 1990இல் கான்சாஸ் சிட்டி அணிக்காக ஒரே ஆட்டத்தில் ஏழு சாக் எடுத்தார், இன்றும் என்.எஃப்.எல். சாதனை அது. எட்டாவதுக்காகப் பாய்ந்தபோது சியாட்டிலின் டேவ் கிரெய்க் அவர் பிடியிலிருந்து நழுவி எறிந்த பந்து டச்டவுன் ஆயிற்று. 17க்கு 16, சியாட்டில் வென்றது.

என்.எஃப்.எல். வரலாற்று ஆய்வாளர்கள் பழைய ஆட்டக் குறிப்புகளையும் படச்சுருள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, 1960 வரை பின்னோக்கிப் போய் சாக்குகளை எண்ணி 2021இல் வெளியிட்டார்கள். டீக்கன் ஜோன்ஸ் பெயரில் 173.5 கிடைத்தது. கல்லூரி ஆட்டத்துக்கும் இதே வேலை நடக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் தங்கள் படச்சுருள்களைத் திறந்துகொடுக்க வேண்டும், என்.சி.ஏ.ஏ. அவற்றைச் சரிபார்த்து ஏட்டில் சேர்க்க வேண்டும். ஜோன்ஸ் ஆடியது போன்ற கறுப்பினக் கல்லூரிகளின் பழைய ஆட்டங்களிலிருந்து அந்த வேலையைத் தொடங்குவதே நியாயம்.