ஏடும் படச்சுருளும்

தமிழ் நூல்கள் பிழைத்த வரலாறு, படியெடுத்தோரின் வரலாறே ஆகும். ஓலை நையுமுன் புதிய ஓலையில் எழுதிவைத்தோர் இருந்ததால் நூல்கள் நின்றன. எனினும் எழுதுங்கால் சொல் திரிந்தது, அடி விடுபட்டது, மெய்க்குப் புள்ளியிடாத வழக்கத்தால் ஒன்று மற்றொன்றாகப் படிக்கப்பட்டது. பத்துப்பாட்டின் ஏடு தேடி உ. வே. சாமிநாதையர் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்ததையும், கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கி 1889இல் அந்நூலைப் பதிப்பித்ததையும் நாம் அறிவோம். ஒரே படியை நம்பி அமையலாகாது என்பது அவர் காட்டிய நெறி.

இருபதாம் நூற்றாண்டில் ஓலையின் இடத்தைப் படச்சுருள் பெற்றது. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபின், அவர் திரட்டிய நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது; 1994இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் அமைந்து, அரிய நூல்கள் நுண்படச் சுருளில் பதியப்பெற்றன. நம் இல்லங்களிலும் திருமண நெகட்டிவ்கள் பெட்டிகளில் உறங்குகின்றன. அசிடேட் சுருளும் அழியும் பொருளே; சிதையத் தொடங்கினால் காடியின் புளிப்பு வாடை வீசும்; பின் சுருங்கி நெளியும்.

அவற்றைக் கணினியில் ஏற்றும் மலிவு விலை ஸ்கேனர் ஒன்று என் இல்லத்தில் உண்டு. பெயர் ஸ்கேனராயினும், அதனுள் இருப்பது சிறு கேமராவே. 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடைய சட்டத்தை அது ஒரே நொடியில் படம்பிடிக்கிறது. ஒளியளவைத் தானே முடிவு செய்வதால், அடுத்தடுத்த சட்டங்களில் ஒரே பட்டுச்சேலை இருவேறு நிறம் காட்டுகிறது; சுருள் வளைந்திருந்தால் ஓரத்து முகங்கள் மங்குகின்றன; நிழலில் நிற்போர் இருளில் கரைகின்றனர். சில நாள் இடையிலேயே நின்றும் விடுகிறது. விலை மிகுந்த கருவிகளும் குற்றமற்றவை அல்ல. அகச்சிவப்பொளியால் தூசியை இனங்கண்டு நீக்கும் அவற்றின் முறை, கறுப்பு வெள்ளைச் சுருளில் பயன்படாது. அங்கே உருவத்தைத் தாங்கும் வெள்ளித்துகளே அவ்வொளியை மறைத்து விடுகிறது.

ஆயின் இக்கருவி வேண்டாமோ? வேண்டும். 2023 டிசம்பரில் பொருநை பெருகி வீடுகளுள் புகுந்ததைக் கண்டவர்கள் நாம். வெளியூரில் ஒரு மங்கற்படி இருப்பினும், எதுவும் இல்லாமையினும் அது மேலானது. அஞ்ச வேண்டியது கருவியின் குறையை அன்று. “கணினியில் ஏற்றியாயிற்று” என்று சுருளைக் குப்பையில் இடும் நம் அவசரத்தையே. பிழைபட்ட படியை வைத்துக்கொண்டு மூல ஏட்டை ஆற்றில் விடுவதற்கு அது ஒப்பாகும். மலிவுப் படி, பெட்டியில் உள்ளது இன்னதென்று அறிவிக்கும் அட்டவணை, மூலமன்று. நெகட்டிவ்களை ஈரம்படாத உறையில் இட்டு, ஆண்டும் ஊரும் பெயரும் குறித்து வைத்தல் வேண்டும். நாளை நல்ல கருவி வரும்போது ஒப்புநோக்க மூலம் இருத்தல் வேண்டுமன்றோ?