கருப்பை இறக்கம்: லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை

இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகளும் தசைநார்களும் தளர்ந்து, கருப்பையோ சிறுநீர்ப்பையோ மலக்குடலோ பிறப்புறுப்பு வழியே கீழிறங்குவதை அடியிறக்கம் என்பர். பல பிரசவங்கள், மாதவிடாய் நிற்றல், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், தொடர்ந்து பாரம் தூக்குதல் ஆகியவை இதற்குக் காரணம். அடிவயிற்றில் கனமும் சிறுநீர் முழுதாகப் போகாத தவிப்பும் இருந்தும், கூச்சத்தால் ஆண்டுக்கணக்கில் வெளியே சொல்லாத பெண்கள் ஏராளம். தொடக்க நிலையில் இடுப்புத்தளப் பயிற்சியும், பிறப்புறுப்புக்குள் தாங்கலாக வைக்கும் பெஸரி வளையமும் போதும்; முற்றிய இறக்கத்துக்கே அறுவை சிகிச்சை.

கருப்பையை எடுத்துவிடுவதே ஒரே வழி அன்று. இளம் வயதிலேயே இறக்கம் கண்டு, மேலும் பிள்ளை பெற விரும்பும் பெண்களுக்காகக் கருப்பையை நாடாவால் தூக்கிக் கட்டும் முறைகளை மும்பை மருத்துவர்களான ஷிரோட்கரும் புரந்தரேயும் உருவாக்கினர். ஷிரோட்கர் முறையில் கருப்பைக் கழுத்தின் பின்புறம் திரிக எலும்பின் மேல் முனையோடு பிணைக்கப்படும்; புரந்தரே முறையில் அதன் முன்புறம் வயிற்றுச் சுவரோடு பிணைக்கப்படும். வயிற்றைத் திறந்து செய்த இவ்விரண்டும் இன்று சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலமாகவும் செய்யப்படுகின்றன. இந்திய மகப்பேறு மருத்துவத்தின் பெருமைக்குரிய பங்களிப்பு இது.

முன்பே கருப்பை அகற்றப்பட்டு, பிறப்புறுப்பின் மேல்பகுதி இறங்கியவர்களுக்கு 'சாக்ரோகால்போபெக்ஸி' செய்யப்படுகிறது. முழு மயக்கம் கொடுத்து, கரியமில வாயுவால் வயிற்றை உப்பச் செய்வர். தொப்புளருகே கேமராவும், 5 மி.மீ. அளவிலான துளைகள் வழியே கருவிகளும் நுழையும். நோயாளியின் தலைப்பக்கம் தாழ்த்தப்படுவதால் குடல் மேலே ஒதுங்கி இடம்விடும். பாலிபுரொப்பிலீன் வலையின் ஒரு முனை பிறப்புறுப்புச் சுவரிலும் மறுமுனை திரிக எலும்பின் முன்புறத் தசைநாரிலும் தைக்கப்படும். பெரிய இரத்தக் குழாய்களும் வலது சிறுநீர்க்குழாயும் பக்கத்திலேயே ஓடுவதால், கைத்திறன் மிகவும் சோதிக்கப்படும் இடம் இதுதான். குடல் ஒட்டாதிருக்க வலையின்மீது வயிற்றறை உறையை மூடித் தைப்பர்.

பிறப்புறுப்பு வழியே இறக்கத்துக்கு வைக்கப்பட்ட வலைகளின் விற்பனையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019இல் நிறுத்தியது; வயிற்று வழி வலைக்கு அந்தத் தடை இல்லை. ஆயினும் வலை அரித்து வெளிப்படுவது, இறக்கம் திரும்புவது ஆகியவை இதிலும் நேரலாம்.

தழும்பு சிறிது, வலி குறைவு, சில நாளில் வீடு திரும்பலாம் என்பதாலேயே உள்காயமும் ஆறிவிட்டதென்று எண்ணிவிடக்கூடாது. ஆறு வாரமாவது பாரம் தூக்கலாகாது. சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களில் மூட்டை சுமக்கும் பெண்ணுக்கு அது ஆறு வாரக் கூலி இழப்பு. அங்குள்ள ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துக்குப் போய்ச் சிகிச்சை பெறுபவருக்கு, தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் யார் தூக்குவது என்பது அறுவைக்கு முன்பே வீட்டில் பேசி முடிவாக வேண்டும். காய்ச்சல், இரத்தப்போக்கு, சிறுநீர் அடைப்பு, வயிறு உப்பல் ஆகியவற்றில் எது கண்டாலும், மறுபரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.