பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் டாஷ்போர்டு மீட்டர்கள்: கழற்றுதலும் மாற்றுதலும்

எம்.ஜி.பி., டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் முதலிய பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் டாஷ்போர்டில் பெரும்பாலும் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் வட்ட மீட்டர்களே இருக்கும். தமிழ்நாட்டுக்கு இந்தக் குடும்பம் புதிதல்ல. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். 1962இல் வந்த ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டமோ ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கிச் செய்தது. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கேலொட்டி.

முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. 1960களின் நடுப்பகுதிவரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இதைப் பார்க்காமல் மின்சார ஆர்.பி.எம். மீட்டரை மாற்றினால் புது மீட்டர் அன்றே கெடும்.

மீட்டரை முன்பக்கமாக நெம்பக் கூடாது. பின்னால் ‘ப’ வடிவப் பட்டை ஒன்று இரண்டு சிறு நட்டுகளால் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். அவற்றை விரலாலேயே கழற்றலாம். பல்பு ஓல்டர்கள் இழுத்தால் வந்துவிடும். ஒயர்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொள்வது நல்லது. லூகாஸ் நிறுவனத்தின் ஒயர் வண்ணமுறையில் பச்சை-கறுப்பு பெட்ரோல் மீட்டருக்கும், பச்சை-நீலம் வெப்ப மீட்டருக்கும், வெறும் கறுப்பு எர்த்துக்கும் உரியவை. எம்.ஜி.பி.யின் பல ஆண்டு வண்டிகளில் வெப்ப மீட்டரோடு மெல்லிய செப்புக் குழாய் எஞ்சின்வரை போகும். உள்ளே ஈதர். அதை வெட்டினாலோ நெளித்து உடைத்தாலோ மீட்டர் செத்தது. எஞ்சின் பக்கத்து முனையைக் கழற்றி முழுதாகவே எடுக்க வேண்டும்.

ஆனால் கழற்றப்படும் மீட்டர்களில் பாதிக்குமேல் கழற்றத் தேவையில்லாதவை என்பேன். 1960களின் நடுவிலிருந்து பெட்ரோல் மீட்டருக்கும் மின்சார வெப்ப மீட்டருக்கும் சராசரி 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் என்ற சிறு பெட்டி பொதுவாக உண்டு. இரண்டு முட்களும் ஒருசேர மேலே ஏறினால் குற்றவாளி அந்தப் பெட்டி, அல்லது அதன் எர்த். ஒரு முள் மட்டும் அசையவில்லையா? மின்சார வெப்ப மீட்டரானால், எஞ்சினிலுள்ள சென்சாரின் ஒயரைக் கழற்றி, சாவியைப் போட்டு, ஒயர் முனையை எஞ்சின் உலோகத்தில் சில நொடிகள் தொட்டுப் பாருங்கள். முள் மெல்ல ஏறினால் மீட்டர் நலம். சென்சாரை மாற்றினால் போதும். பெட்ரோல் டாங்கின் அருகே இந்தச் சோதனை வேண்டாம். ஒரு தீப்பொறி போதும்.

எர்த் கெடுவதில் கடற்காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) மீன்பிடித் துறையுள்ள ஜங்லிகாட் போன்ற இடத்தில் நிறுத்தும் வண்டியில் எர்த் முனைகளை உப்புத் தாளால் தேய்த்துத் துலக்கிய பிறகே மீட்டர் விலை விசாரிக்க வேண்டும்.

ஸ்பீடோமீட்டர் மாற்றும்போது டயலின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். 1280 என்றால், வண்டி ஒரு மைல் ஓட கேபிள் 1280 முறை சுற்ற வேண்டும். கிலோமீட்டர் டயலில் அதற்கு ஈடான எண் சுமார் 795. சந்தேகம் வந்தால் கேபிள் முனையில் அட்டை அம்பு ஒன்றைச் செருகி, வண்டியை நியூட்ரலில் 16.09 மீட்டர் நேராகத் தள்ளி, அம்பு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். அது ஒரு மைலில் நூறில் ஒரு பங்கு. 12.8 சுற்று வந்தால் 1280 டயல் பொருந்தும். கியர்பாக்ஸோ பின் ஆக்சிலோ மாற்றப்பட்ட வண்டியில் இதைச் செய்யாமல் வாங்குவது வீண்செலவு.

கேபிளுக்குக் கிரீஸ் பூசும்போது மீட்டர் பக்கத்து ஒரு சாண் நீளத்தைத் துடைத்து உலர்வாக விட வேண்டும். இல்லாவிட்டால் கிரீஸ் சுழன்று மேலேறி மீட்டருக்குள் புகும். முள் ஆடத் தொடங்கும்.

பழைய மீட்டர் காட்டிய தூரத்தையும் மாற்றிய தேதியையும் எழுதி வண்டியின் காகிதங்களோடு வையுங்கள். அடுத்து வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.